வாசலில் நின்ற டிரம்பெட்

பழைய கிளாரினெட் வாங்கப் போகிறவர்கள் ஆளாளுக்கு என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். மரத்தில் வெடிப்பு இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? துளையை அடைக்கும் பேடு காற்றை விடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? துளைக்குள் டார்ச் அடித்து வீடியோ எடுத்து அனுப்புகிறீர்கள். நானும் பதில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் பதில் போட உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. உங்கள் மேல் இல்லை, என் பெரியப்பா மேல்.

உங்கள் வயதுதான் எனக்கும். அதற்குள் பழைய கதை பேச வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள். எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் நடந்தது இது. எனக்கு வயது ஏறியிருக்கிறது, அந்தக் கோபம் மட்டும் இன்னும் எட்டாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது.

விழுப்புரத்தில் பெரியப்பாவுக்கு ஒரு பேண்டு செட் இருந்தது, ஒத்திகை பார்க்க ஒரு ஷெட்டும். தங்க ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு, வெள்ளைத் தொப்பி. கோடையில் அந்தக் கோட்டைக் கழற்றினால் உள்ளே இருக்கிற ஆள் குளித்துவிட்டு வந்த மாதிரி இருப்பான். மாஸ்டர் பெரியப்பா. அவர் மகன், எனக்கு அண்ணன், டிரம்பெட். என் அப்பா பெரிய டிரம். அவர் தன் அண்ணனிடம் பேசியதைவிட அந்த டிரம்மிடம் பேசியதுதான் அதிகம்.

பெரியப்பா ஒரு காலத்தில் நல்ல கிளாரினெட்காரர். முன்பற்கள் விழுந்ததும் மவுத்பீஸைக் கவ்வ முடியாமல் போயிற்று. அவருடைய வாத்தியத்தை வாசித்துக்கொண்டிருந்த ஆள், சித்திரையில் அந்த வாத்தியத்தோடேயே பாண்டிச்சேரி செட்டுக்கு ஓடிவிட்டான். வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாகக் காத்திருந்தன, செட்டில் கிளாரினெட் இல்லை.

நான் கான்வென்ட் பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் வாத்தியம். லீவில் வீட்டுக்கு எடுத்துவர விடமாட்டார்கள். சினிமாப் பாட்டை இரண்டு முறை கேட்டால் மூன்றாம் முறை வாசித்துவிடுவேன். இது தற்பெருமை என்றால் தற்பெருமையாகவே இருக்கட்டும்.

"நான் வாசிக்கிறேன் பெரியப்பா" என்று போய் நின்றேன்.

"பொம்பளப் புள்ள ரோட்ல ஊதிக்கினு போவறதா? நல்லா கீது கதை."

அம்மா விடவில்லை. "ரோட்ல கீரை கூவி விக்கிறா, கூடை தூக்கிக்கினு போறா. ஊதனா மட்டும் ரோடு தேஞ்சிடுமா மாமா?"

வேறு வழியில்லாமல்தான் ஒப்புக்கொண்டார். அம்மா வாத்தியம் வாங்கித் தர வேண்டும். அவர் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். "வைகாசி முடியறதுக்குள்ள செட்டோட சேந்து நின்னுக் காட்டினா, உனக்கும் கோட்டு தைக்கக் குடுக்கிறேன். நிக்கலன்னா ஷெட்டுப் பக்கம் தலை வெச்சும் படுக்கக் கூடாது."

அந்தக் கோட்டு எனக்கு வேண்டியிருந்தது. அப்போது உலகத்தில் எனக்கு வேறு எதுவுமே வேண்டியிருக்கவில்லை.

திண்டிவனத்தில் ஒரு வீட்டில் கிளாரினெட் விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. பஸ்ஸில் போனோம்: பெரியப்பா, அண்ணன், நான். அண்ணன் மடியில் டிரம்பெட். பெரியப்பாதான் எடுத்துவரச் சொன்னார். "பக்கத்துல வெச்சி ஊதிப் பாக்கணும். அதான் முறை." இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முறை அவருக்குத் தெரிந்திருந்தது.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாக வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பொட்டலமாக உள்ளே வந்தது. பெரியப்பா கடைவாயில் நசுக்கி நசுக்கித் தின்றபடி எனக்கு வகுப்பு எடுத்தார். மரம் பொய் சொல்லாது. ஊதறவன்தான் பொய் சொல்லுவான். கெட்ட சத்தம் வந்தா ஆளைப் பாரு, வாத்தியத்தைப் பாக்காத. நான் தலையை ஆட்டிக்கொண்டே மல்லாட்டையை உரித்தேன். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது அந்த வீடு. கதவைத் திறந்த அம்மாளின் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவராம், இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த அம்மாள் எங்களைக் கால் முதல் தலை வரை பார்த்தார்.

"பேண்டுக்காரங்களா?"

"ஆமாங்க."

"செருப்ப வெளிய விடுங்க. அந்தப் பித்தளையையும் வெளிய விடுங்க."

"டிரம்பெட்டும்மா. கூட ஊதிப் பாத்தாதான்…"

"இந்த வீட்டுக்குள்ள அது ஊதக் கூடாது. எங்க வீட்டுக்காரரு சாயங்காலம் விளக்கு வெச்சிட்டு சுருதிப் பெட்டியப் போட்டுக்கினு தனியா உக்காந்து வாசிப்பாரு. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ரோட்ல வாசிச்சவரு இல்ல. வேணும்னா பாருங்க. இல்லன்னா பஸ்ஸு இருக்குது."

எங்களுக்கு நாற்காலி காட்டவில்லை. பெரியப்பாவின் காதுமடல் சிவந்தது. அவர் அப்போது திரும்பி நடந்திருக்கலாம். "அப்படின்னா வேணாம்மா" என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக அந்த அம்மாளுக்குத் தான் யார் என்று காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"நீ வெளியவே நில்லுடா" என்றார் அண்ணனிடம். "எனக்கு எதுக்கு டிரம்பெட்டு? காது கீது."

அண்ணன் வாசலில், வெயிலில், டிரம்பெட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். ஜன்னல் கம்பி வழியாக அவன் தொப்பை மட்டும் தெரிந்தது.

பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டையும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை. உள்ளே ஊதா வெல்வெட், பல இடங்களில் வழுக்கை. அதில் ஐந்து துண்டுகளாகப் படுத்திருந்தது. பெரியப்பா ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்து மோந்தார். பூஞ்சை வாடை இல்லை. நீளவாக்கில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். வெடிப்பு இருந்தால் நகம் தடுக்கும், தடுக்கவில்லை. துண்டுகளைப் பூட்டி, எல்லாத் துளைகளையும் மூடி, அடிவாயை முழங்காலில் அழுத்தி, மேல்வாயில் உதட்டை வைத்துக் காற்றை உறிஞ்சினார். விட்டதும் உதட்டில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம். காற்று எங்கும் கசியவில்லை. இத்தனையும் சரியான சோதனைதான், ஒன்றைக்கூட நான் குறை சொல்லமாட்டேன். நீங்களும் இப்படியே செய்யுங்கள்.

என் கையில் கொடுத்தார். பள்ளிக்கூடத்து பிளாஸ்டிக் கையில் இருப்பதே தெரியாது. இது தன் கனத்தைச் சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தது. கட்டைவிரல் தாங்கியில் வெள்ளிப் பூச்சு தேய்ந்து மஞ்சளாக ஒரு குழி. யாரோ ஒருவருடைய விரல் பல வருஷம் உட்கார்ந்து எழுந்த இடம். என் விரல் அதில் பாதியைக்கூட நிரப்பவில்லை.

"கொஞ்சம் நீளமா கீதே பெரியப்பா?" என்று கேட்டேன். பள்ளி வாத்தியத்தைவிட இரண்டு விரற்கடை அதிகம் இருக்கும் போலிருந்தது.

"பழைய காலத்துக் கருங்காலி. மரத்தை மிச்சம் புடிக்காம செஞ்சிருக்கான்."

கருங்காலியும் இல்லை, அது ஆப்பிரிக்க மரம். விடுங்கள்.

அந்த அம்மாள் சுருதிப் பெட்டியை ஸ்டூலில் வைத்துப் போட்டார். சுருதியைக் கூட்டிக் குறைக்கும் திருகின் ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி. "அவரு வெச்ச அடையாளம். இத யாரும் திருப்பக் கூடாது." அந்தப் புள்ளி எனக்கு அழகாகத் தெரிந்தது, அவ்வளவுதான். செத்துப்போன மனிதர் தன் வாத்தியம் எந்த இடத்தில் பேசும் என்று சிவப்பில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பேண்டு மாஸ்டருக்கு அது கண்ணில் படவில்லை.

ஊதினேன். அடி ஸ்தாயியில் முதல் சுரம் வந்ததும் என் முழங்கை வரை மரம் அதிர்ந்தது. சத்தம் வெளியே போகாமல் முதலில் என் மார்புக்குள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது போல இருந்தது. நடு ஸ்தாயியைத் தாண்டும் இடத்தில் பள்ளி வாத்தியம் எப்போதும் கீச்சிடும். இது படி இருப்பதே தெரியாமல் ஏறியது. சுருதிப் பெட்டியோடு உப்பும் தண்ணீரும் மாதிரிக் கலந்தது. நான் நிறுத்தியபோது அந்த அம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

"வாத்தியம்னா இது வாத்தியம்" என்றார் பெரியப்பா, அவருக்குக் கேட்கிற மாதிரி. "நூறு எடுத்துப் பாத்தவன் சொல்றேம்மா."

ஷெட்டில் முதல் நாள் ஒத்திகை. அண்ணன் டிரம்பெட்டில் பாட்டை எடுத்தான், நான் சேர்ந்தேன். மிக்ஸியில் கரண்டி மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். யூஃபோனியம்காரர் வாயை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"சுருதி எங்கடி போச்சு?" என்றார் பெரியப்பா.

இன்னொரு முறை. அதே கரண்டி.

"கவ்வு. நல்லா கவ்வு. காத்த மேல தள்ளு."

கவ்வினேன். கீழுதட்டின் உள்பக்கம் பல் பதிந்து, மவுத்பீஸில் கட்டிய நாணல் ரீடில் ரத்த ருசி வந்தது. ரீடை மாற்றினார், சீவினார், நனைத்தார், காயவைத்தார். வாத்தியத்தை ஒரு முறைகூடச் சந்தேகப்படவில்லை. எப்படிப் படுவார்? திண்டிவனத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு, நின்றபடியே, அந்த அம்மாளின் முகத்துக்கு நேராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தவர் அவர். அந்தத் தீர்ப்பு தப்பாகாது. அப்படியானால் தப்பு என் வாயில்தான் இருக்க வேண்டும்.

"கான்வென்ட்ல மேரி மாதாவுக்கு முன்னாடி ஊதறதுக்கு இது போதும்" என்றார் எல்லோர் முன்னாலும். "ரோட்டுக்கு ஆவாது. காது இல்லாத ஜென்மம்."

அப்பா டிரம்மின் தோலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் வாத்தியத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் தன் செல்போனைக் கொடுத்துவிட்டுப் போனான். ஷெட்டில் அவன் தனியாக வாசித்த பாட்டெல்லாம் அதில் பதிவாகியிருந்தது. "இதோட சேத்து ஊதிப் பாரு. பேஜாரு பண்ணாம சாப்புடு முதல்ல" என்றான்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, போனை ஓடவிட்டு, கூடவே ஊதினேன். சேரவில்லை. ஆத்திரத்தில் விரல் வழுக்கி, துளையை மூடித் திறக்கும் பக்கத்துச் சாவியில் பட்டது. அந்த ஒரு சுரம் மட்டும் போனில் இருந்த டிரம்பெட்டோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த சுரத்தையும் பக்கத்துச் சாவிக்குத் தள்ளினேன். அதுவும் ஒட்டியது. முழுப் பாட்டையும் அரைச் சுரம் மேலே தள்ளி வாசித்தால், வாத்தியம் போனுக்குள் போய்க் காணாமலே போய்விட்டது. அப்படிச் சேர்ந்தது.

பாட்டுக்கு நேராக இருந்த சுலபமான துளைகளையெல்லாம் விட்டுவிட்டு, சுண்டுவிரலால் ஓரத்துச் சாவிகளைத் தேடித் தேடி அமுக்க வேண்டும். தெரிந்த பாட்டையெல்லாம் முதலிலிருந்து கற்றேன். சுண்டுவிரல் வீங்கியது. அம்மா வெளியிலிருந்து கதவைத் தட்டினாள்: "உள்ள குளிக்கிறியா, குடித்தனம் பண்றியா?"

பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், நான் சொன்னேன்.

"ஒரு சாவி தள்ளி வாசிச்சா சேருது பெரியப்பா. வாத்தியம் கீழ பேசுது போல."

"நான் பாத்து எடுத்தது கீழ பேசுதா?"

"இல்ல பெரியப்பா, டிரம்பெட்டோட வெச்சி…"

"வாத்தியத்துக்கு நீ புதுசா சட்டம் போடறியா? சொல்லிக் குடுத்த விரலை வெச்சி ஊது. இல்ல, சங்கு ஊது."

வளவனூரில் மாப்பிள்ளை அழைப்பு. என்னைச் சேர்த்தார், ஏனென்றால் கிளாரினெட் வரும் என்று பெண் வீட்டாரிடம் சொல்லியிருந்தார். எனக்குக் கோட்டு இல்லை. பள்ளிச் சீருடையின் வெள்ளைச் சட்டை. ஜெனரேட்டர் வண்டி, தலையில் விளக்குத் தூக்கிய பெண்கள், கரும்பாலைப் பக்கமிருந்து வந்த வெல்லப்பாகு வாசனை. பெரியப்பா எங்களைப் பார்த்தபடி, கோலை ஆட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்தார். ரோட்டில் மாஸ்டர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.

முதல் பாட்டு. நான் என் விரலில், ஒரு சாவி தள்ளி வாசித்தேன். டிரம்பெட்டும் கிளாரினெட்டும் ஒரே கயிற்றில் இரண்டு புரி மாதிரி முறுக்கிக்கொண்டு போயின. அண்ணன் வாயை எடுக்காமலே கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தான். முன்னால் போன ஒரு கிழவர் கையைத் தூக்கி ஆட ஆரம்பித்தார். வைகாசியில் செட்டோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்றால், நான் நின்றேன். அந்தத் தெருவின் பாதி தூரம் வரை நின்றேன்.

பெரியப்பா என் கையைப் பார்த்தார்.

காதால் பார்க்க வேண்டியதைக் கண்ணால் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் என் சுண்டுவிரல் போகக் கூடாத இடத்துக்குப் போவது அவருக்குத் தெரிந்தது. கோல் நின்றது. இரண்டே எட்டில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்தார். மவுத்பீஸ் பல்லில் இடித்தது.

"இன்னா விரல் இது? யாரு சொல்லிக் குடுத்தா இது?"

"சத்தம் சேருதா இல்லையா, அதச் சொல்லுங்க பெரியப்பா."

"எதுத்தா பேசற?"

டிரம்பெட் நின்றுவிட்டது. யூஃபோனியம் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் காரிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அப்பா மட்டும் அடித்துக்கொண்டே இருந்தார். தம், தம், தம். என் பக்கமும் பார்க்காமல், தன் அண்ணன் பக்கமும் பார்க்காமல், ஒரு அடி தவறாமல். நான் ஜெனரேட்டர் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து வீடு வந்தேன். கோட்டுப் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

அண்ணன் தன் அப்பாவிடம் தனியாக ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரமே பெரியப்பா வீட்டுக்கு வந்து, "பழுது பாக்கணும்" என்று வாத்தியத்தை வாங்கிப்போனார். நேராக லேத் பட்டறை. சத்தத்தை மேலே ஏற்ற, மவுத்பீஸுக்குக் கீழே இருக்கும் குட்டைத் துண்டை, பேரல் என்பார்களே, அதை அறுத்தார். போதவில்லை என்று மறுபடி அறுத்தார். வாத்தியம் தப்பு என்று வாயால் சொல்ல முடியாதவர், ரம்பத்தால் சொல்லிப் பார்த்தார். திரும்பி வந்தபோது நடுச் சுரங்கள் கூவின, அடிச் சுரங்கள் இருந்த இடத்திலேயே கிடந்தன. இப்போது அது தன்னோடேயே சேரவில்லை.

"உன் பொண்ணு கடிச்சே கெடுத்துட்டா" என்று சொல்லி அம்மா கையில் கொடுத்தார்.

அம்மா பெட்டியை வாங்கிக்கொண்டாள். "காபி போடட்டா மாமா?" என்று கேட்காமல் அவரை அவள் அனுப்பியது அன்றுதான்.

கல்லூரியில் சேர்ந்து சொந்தமாகப் போன் வந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. உங்களில் பாதிப் பேருக்கு முன்பே புரிந்திருக்கும். கிளாரினெட்டில் இரண்டு அளவு உண்டு. பேண்டுக்காரர்கள் வாசிப்பது குட்டை. கொஞ்சம் நீளமான இன்னொன்று இருக்கிறது; அதே துளையை மூடினால் அரைச் சுரம் கீழே பேசும். தனியாக வாசிப்பவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, சுருதிப் பெட்டியை அதற்குத் தகுந்த மாதிரித் திருப்பிக்கொள்வார். அந்த ரயில்வேக்காரர் திருப்பிக்கொண்டார். வாத்தியத்தில் பழுதில்லை, என் காதிலும் பழுதில்லை. வாசலில் நின்ற டிரம்பெட்டை உள்ளே விட்டு ஒரே ஒரு சுரம் ஊதியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். மோந்து பாருங்கள், நகத்தை ஓட்டுங்கள், உறிஞ்சுங்கள். எல்லாம் முடிந்ததும் நீங்கள் யாரோடு வாசிக்கப் போகிறீர்களோ அவர்களில் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி ஊதுங்கள். வீட்டுக்காரர் விடமாட்டேன் என்றால் வாத்தியத்தை வாசலுக்கு எடுத்து வாருங்கள். அதுவும் முடியாதென்றால், பஸ் இருக்கிறது.

இனி மிச்சம். போன தை மாதம் அண்ணன் திண்டிவனத்தில் வீடு கட்டிக் குடிபோனான். செட்டை இப்போது அவன்தான் நடத்துகிறான். நான் போயிருந்தேன், தோளில் வாத்தியப் பெட்டி. பெரியப்பாவுக்குப் பல் கட்டியிருக்கிறார்கள். வரிசையாக, வெள்ளை வெளேரென்று. சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடிவதில்லை.

"இன்னும் ஊதிக்கினுதான் கிறியா? குடு பாக்கலாம்."

கொடுத்தேன். புது பேரல் கடைந்து போட்டிருக்கிறேன், சாவிகளுக்குப் பூச்சு ஏற்றியிருக்கிறேன், பெட்டியும் புதிது. மோந்தார். நகத்தை ஓட்டினார். முழங்காலில் அழுத்தி உறிஞ்சினார். ப்ளக். புதுப் பல்லில் கவ்வி, அடி ஸ்தாயியில் ஒரு சுரம் எடுத்துக் கண்ணை மூடினார். நன்றாகத்தான் வாசித்தார், பாவி மனுஷன்.

"இது வாத்தியம். அன்னிக்கு உனக்கு வாங்கனமே, அது தகர டப்பா."

"டிரம்பெட்ட எடுண்ணா" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், உள்ளே போய் எடுத்துவந்தான். அந்தப் பழைய வளவனூர்ப் பாட்டின் முதல் வரியைப் பிடித்தான். பெரியப்பா தான் கற்றுக்கொடுத்த அதே சுத்தமான விரலில் சேர்ந்தார். மிக்ஸியில் கரண்டி. பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன்னுது ஏறிக் கெடக்குதுடா" என்றார் மகனிடம்.

"அண்ணனுது சரியாத்தான் கீது" என்றேன். "இது அதே வாத்தியம் பெரியப்பா. நீங்க பாத்து எடுத்தது. நீங்க அறுத்தது."

அவர் கையிலிருந்து வாங்கினேன். அண்ணன் மறுபடி எடுத்தான். நான் ஒரு சாவி தள்ளிச் சேர்ந்தேன். வளவனூரில் பாதித் தெருவில் அறுந்த பாட்டு, புது பெயின்ட் வாசனை அடிக்கிற அந்தக் கூடத்தில் கடைசி வரி வரைக்கும் போய் நின்றது.

மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அப்பா வாயைத் திறந்தார். "சேருதுண்ணே" என்றார். தன் அண்ணனை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். அது இத்தனை வருஷம் தாமதமாக வந்தது என்பதை நான் மறக்கப்போவதில்லை.

பெரியப்பா அப்பாவைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து என் வலதுகைச் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரல் தப்பு" என்றார்.

அண்ணன் பக்கம் திரும்பி அடுத்த பாட்டை எடுக்கச் சொன்னேன். அதே விரலில் வாசித்தேன்.